கொடைக்கானல்: சனி ஞாயிறுக்கு ஒரு ஊர், வாரம் முழுக்க ஒரு ஊர்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இன்னைக்கு கொடைக்கானல் பத்திப் பேசப் போறோம். எங்க தங்கலாம், எந்த வியூ பாயின்ட்ல போட்டோ எடுக்கலாம்னு சொல்ற எபிசோட் இல்ல இது. அதுக்கு யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. எனக்கு மூணு கேள்வி இருக்கு. அந்த ஊர் எப்படிச் சம்பாதிக்குது? அந்தக் காசு யார் கைக்குப் போகுது? அங்கேயே பொறந்து வளர்ந்த ஒருத்தர் அங்கேயே தொடர்ந்து வாழ முடியுமா?

முதல்ல ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி கொடைக்கானல் நகராட்சியில 36,501 பேர் இருந்தாங்க. இப்ப கொஞ்சம் கூடியிருக்கலாம், ஆனாலும் சின்ன ஊர்தான். சென்னையில சராசரியா ஒரு வார்டுலயே கிட்டத்தட்ட இந்த எண்ணிக்கை வந்துடும். 2025 மார்ச்ல சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வரம்பு வச்சது. சீசன் முடியுற வரைக்கும் வார நாள்ல ஒரு நாளைக்கு 4,000 சுற்றுலா வண்டி, வார இறுதியில 6,000 வண்டிதான் கொடைக்கானலுக்குள்ள வரலாம்னு சொன்னது.

ஒரு வண்டிக்கு நாலு பேர்னு வச்சுக்குவோம். 6,000 வண்டின்னா 24,000 பேர். 36,000 பேர் வாழ்ற ஊருக்கு ஒரே நாள்ல 24,000 விருந்தாளி. கவனிங்க, கட்டுப்பாடு போட்டதுக்கு அப்புறம் அனுமதிச்ச எண்ணிக்கை இது. கட்டுப்பாடு இல்லாத மே மாசத்துல எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கங்க. போனவங்களுக்கு யோசிக்கவே தேவையில்ல. வெள்ளி நீர்வீழ்ச்சியில ஆரம்பிச்சு மூஞ்சிக்கல் வரைக்கும் முதல் கியர்லயே உருட்டிக்கிட்டுப் போன அனுபவம் அவங்களுக்கு இருக்கும்.

வெளியாளுக்காகவே உருவான ஊர்

கொடைக்கானலைப் புரிஞ்சுக்க அது எப்படி உருவாச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

மலையில மனுஷங்க ரொம்பக் காலமாவே இருக்காங்க. கோடை மலையை ஆண்ட வேட்டுவத் தலைவன் ஒருத்தனைப் புறநானூறு பேசுது. தாண்டிக்குடிப் பக்கம் பெருங்கற்காலக் கல்லறைகள் இருக்கு. பளியர் பழங்குடிகள் இந்தக் காட்டுல தேன் எடுத்தும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்தவங்க. பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி மாதிரி விவசாய கிராமங்கள் ரொம்பப் பழசு.

ஆனா ஏரி, பங்களா, நடைபாதைன்னு நாம இன்னைக்குப் பார்க்கிற டவுன் பிறந்தது 1845இல். மதுரையில் வேலை செய்த அமெரிக்க மிஷனரிகள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் குழந்தைகளையும் சக ஊழியர்களையும் பறிகொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சிறுமலையில் ஓய்வு இல்லம் கட்டிப் பார்த்தார்கள். அங்கேயும் மலேரியா. அதன் பிறகுதான் 7,000 அடி உயரத்தில், கொசு ஏறாத இந்த இடத்துக்கு வந்து ரெண்டு பங்களா கட்டினார்கள். 1863இல் மதுரை கலெக்டர் வெர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்து ஏரியை உருவாக்கினார். ஆமாங்க, நட்சத்திர வடிவ ஏரின்னு சொல்றோமே, அது மனுஷன் கட்டினது. 1901இல் பள்ளிக்கூடம் வந்தது. சென்னையில் இருந்து சூரிய ஆய்வகம் இடம் மாறி வந்ததும் அந்தக் காலத்தில்தான். 1909இல் சூரியப் புள்ளிகளைச் சுற்றி வாயு எப்படி நகருதுன்னு ஜான் எவர்ஷெட் கண்டுபிடிச்சது இங்கே இருந்துதான்.

இந்த வரலாற்றுல நான் கவனிக்கச் சொல்றது ஒண்ணுதான். மோட்டார் ரோடு வர்றதுக்கு முன்னாடி துரைமார் இந்த மலைக்கு எப்படி வந்தாங்க? பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்துல இருந்து குதிரையில, இல்லன்னா டோலியில. டோலியைத் தூக்கினது யாரு? பியானோ, கட்டில், இரும்புப் பெட்டி எல்லாத்தையும் தலையில வச்சு ஏத்தினது யாரு? அந்தப் பாதைக்கே இங்கிலீஷ்காரங்க 'கூலி காட்'னு பேர் வச்சிருந்தாங்க. முதல் நாள்ல இருந்தே இந்த டவுன் கீழே இருந்து வர்றவங்களோட ஓய்வுக்காகத்தான் இயங்கியிருக்கு. அந்த ஓய்வுக்கான உழைப்பு உள்ளூர்க்காரங்களோடது. 180 வருஷம் ஆச்சு, ஏற்பாடு பெருசா மாறல. டோலிக்குப் பதிலா டாக்ஸி வந்திருக்கு.

24,000 ரூபாய் எங்க போகுது?

சரி, காசுக்கு வருவோம். நானா கற்பனையா ஒரு டூர் கணக்கு போடுறேன். சென்னையில இருந்து நாலு பேர், ஒரு கார், ரெண்டு ராத்திரி. மொத்தம் 24,000 ரூபாய் செலவு. பெட்ரோல், டோல் 8,500. ரூம் 8,000. சாப்பாடு 5,000. படகு, குதிரை, நுழைவுக் கட்டணம், சாக்லேட், தைலம் எல்லாம் சேர்த்து 2,500.

பெட்ரோலும் டோலும் கொடைக்கானலைத் தொடவே இல்ல. சாப்பாட்டுல ஒரு 2,000 ரூபாய் விழுப்புரத்துலயும் திருச்சியிலயும் ஹைவே ஓட்டல்ல போயிடுது. ரூம் காசு? ஆப்ல புக் பண்ணினா முதல்ல அந்த ஆப் கமிஷன் எடுக்கும். மிச்சம் போறது பெரும்பாலும் காட்டேஜை வருஷக் குத்தகைக்கு எடுத்து நடத்துறவருக்கு. அவர் கட்டட ஓனருக்கு வாடகை கட்டணும். ஓனர் மதுரையிலயோ கோயம்புத்தூர்லயோ பெங்களூர்லயோ இருப்பார். உள்ளூர்ல தங்குற காசுன்னு பார்த்தா, ரூம் கிளீன் பண்றவங்க சம்பளம், துணி வெளுக்கறவர் கூலி, கேம்ப் ஃபயருக்கு விறகு கொண்டு வர்றவருக்குக் கொடுக்கறது, அவ்வளவுதான்.

நேரடியா ஊர்க்காரங்க கையில விழுறதுன்னு பார்த்தா குதிரைக்காரர், சைக்கிள் வாடகைக்கு விடுறவர், ஏரி ஓரம் மக்காச்சோளம் சுடுற அக்கா, சின்ன மெஸ், லோக்கல் டாக்ஸி. நம்ம 24,000ல இவங்களுக்குப் போறது 5,000 தாண்டுமான்னு சந்தேகம்தான். அதுவும் நாம உள்ளூர் டாக்ஸி எடுத்தா, உள்ளூர் மெஸ்ல சாப்பிட்டா.

எல்லா டூருக்கும் இது பொருந்தும்னு சொல்லல. உள்ளூர்க் குடும்பம் தன் வீட்டு மாடியில நடத்துற ஹோம்ஸ்டேல தங்கினா கணக்கு மொத்தமா மாறிடும். எங்க தங்குறோம்ங்கற ஒரே ஒரு முடிவு, மத்த எல்லாத்தையும் விட அதிகமா இதைத் தீர்மானிக்குது.

ரெண்டு மாச வருமானம், பன்னெண்டு மாச வாடகை

இன்னொரு விஷயம் சீசன். ஏப்ரல், மே மாசம்தான் பெரிய சீசன். பிரையண்ட் பூங்காவுல மலர்க் கண்காட்சி நடக்குறதும் மே மாசம்தான். அப்புறம் பூஜை லீவு, கிறிஸ்துமஸ், பொங்கல்னு அங்கங்க கொஞ்சம். நடுவுல மழை, பனி. மழையில ரோட்டுல மரம் விழுந்தாலோ மண் சரிஞ்சாலோ ஒரு வாரத்து வியாபாரம் போச்சு.

ஆனா கடை வாடகை பன்னெண்டு மாசமும் கட்டணும். வண்டிக்கு மாசத் தவணை பன்னெண்டு மாசமும் வரும். பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ் ஜூன்ல. அதனாலதான் மே மாசத்துல டாக்ஸிக்காரர் ரெண்டு மடங்கு கேக்குறார். நாம "டூரிஸ்ட்னா ஏமாத்துறாங்கப்பா"ன்னு கமெண்ட் போடுறோம். சில பேர் ஏமாத்தவும் செய்வாங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா அந்த ரேட்டுக்குள்ள ஜூலை மாசத்துச் சும்மா நிக்குற வண்டியும் இருக்கு.

இதோட இன்னொரு விளைவு, வீடு. ஒருத்தர்கிட்ட மாடியில ரெண்டு ரூம் இருக்குன்னு வைங்க. ஒரு டீச்சருக்கு மாச வாடகைக்கு விடலாம். இல்லன்னா சனி ஞாயிறு மட்டும் டூரிஸ்டுக்கு விட்டு, டீச்சர் ஒரு மாசத்துக்குத் தர்றதை ரெண்டு வார இறுதியிலயே எடுத்துடலாம். அவர் இடத்துல நாம இருந்தாலும் ரெண்டாவதைத்தான் செய்வோம். அதுல தப்பு கண்டுபிடிக்க முடியாது. ஆனா ஊர்ல எல்லாரும் அதையே செஞ்சா, டீச்சர் எங்க தங்குவாங்க? ஆஸ்பத்திரி நர்ஸ், பஸ் கண்டக்டர், புதுசா கல்யாணம் ஆன உள்ளூர்ப் பையன், இவங்க எல்லாம்? டவுன்ல இருந்து தள்ளித் தள்ளிப் போகணும். டூரிஸ்ட் ஊர்னு பேர் எடுத்த எல்லா இடத்துலயும் இதுதான் நடக்குது.

நிலத்துக்கும் அதே கதைதான். உருளைக்கிழங்கு போட்டு வர்ற வருமானம் ஒரு பக்கம், காட்டேஜ் கட்டுறவர் தர்ற விலை ஒரு பக்கம். விவசாயம் எத்தனை வருஷம் போட்டி போடும்? விதியை மீறிக் கட்டின கட்டடங்கள் பத்தி வழக்கு மேல வழக்கு நடந்து, நீதிமன்றம் சொல்லி நகராட்சி சீல் வச்சதும் நடந்திருக்கு. ஆனா நிலத்து மேல இருக்குற அந்த அழுத்தம் குறையல.

வேற வேலை வந்த கதை

"டூரிசம் வேண்டாம்னா வேற தொழில் கொண்டு வரலாமே"ன்னு கேக்கலாம். ஒரு தடவை வந்துச்சு.

1980கள்ல ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை கொடைக்கானலுக்கு வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் இருந்து இயந்திரங்கள் இடம் மாற்றிக் கொண்டுவரப்பட்டன. பிறகு அது ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்குப் போனது. நிரந்தர வேலை, மாசச் சம்பளம், சீசன் கவலை இல்லை. உள்ளூர் இளைஞர்கள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். 2001இல் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பதை ஊர்க்காரர்களும் சூழல் செயற்பாட்டாளர்களும் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த வருஷமே ஆலை மூடப்பட்டது. தங்கள் உடல்நிலைக்காகத் தொழிலாளர்கள் 15 வருஷம் போராடினார்கள். 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் ஒரு உடன்பாட்டுக்கு வந்தது. அதுக்கு முந்தின வருஷம் சோஃபியா அஷ்ரஃப் பாடின ஒரு ராப் வீடியோ வைரல் ஆச்சே, அது இந்த விவகாரம்தான்.

இதை ஏன் சொல்றேன்னா, ஒரு மலை ஊருக்கு முன்னாடி இருக்குற வழிகள் ரொம்பக் கம்மி. விவசாயம், காடு, ஓய்வு தேடி வர்றவங்க. நாலாவதா ஒரு வழி வந்து அப்படி முடிஞ்சது. அதனால டூரிசத்தை வேண்டாம்னு சொல்ற வசதி அந்த ஊருக்கு இல்ல. அது எப்படி நடக்கணும்ங்கறதுதான் பேச்சு.

குணா குகையும் மலைப் பூண்டும்

இப்ப கலாச்சாரம். டூரிஸ்டுக்காக ஒரு ஊர் தன்னைப் பத்திச் சொல்ற கதையே மாறிடும். அதுக்கு கொடைக்கானல்ல நல்ல உதாரணங்கள் இருக்கு.

வெள்ளைக்காரங்க 'சாத்தானின் சமையலறை'ன்னு பேர் வச்ச ஒரு இடம். 1991இல் கமல் நடிச்ச 'குணா' வந்ததுக்கு அப்புறம் அது குணா குகை ஆச்சு. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்ததும் கூட்டம் அலைமோதுச்சு. 2006இல் அந்தக் குழியில் விழுந்த நண்பனை கேரளத்து இளைஞர்கள் மீட்ட உண்மைக் கதை அது. ஆனா குகைக்குள்ள யாரும் போக முடியாது, வேலி போட்டு அடைச்சிருக்கு. படத்துல நீங்க பார்த்த குகையில பெரும்பகுதி கேரளாவுல போட்ட செட். செட்ல எடுத்த குகையைப் பார்த்துட்டு நிஜக் குகையைப் பார்க்க வர்றோம், நிஜக் குகையில வேலியைப் பார்த்துட்டுத் திரும்புறோம்.

அடுத்தது ஹோம்மேட் சாக்லேட். ஏரிக்கரையில இருந்து டிப்போ வரைக்கும் எல்லாக் கடையிலயும் இருக்கும். கோகோ மரம் இந்தக் குளிர்ல வளராது. நம்ம ஊர்ல அது பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகள்ல வளருது. கொடைக்கானல்ல நடக்குறது பெரும்பாலும் வெளியில இருந்து வர்ற சாக்லேட் கட்டியை உருக்கி, அச்சுல ஊத்தி, முந்திரி திராட்சை போடுறது. அதையும் வீட்டுல உட்கார்ந்து செய்யுற பெண்கள் இருக்காங்க. அவங்களுக்கு அது வருமானம். குறை சொல்லல.

ஆனா அதே ஊர்ல மண்ணுல விளையுற ஒரு பொருள் இருக்கு. கொடைக்கானல் மலைப் பூண்டு. 2019இல் புவிசார் குறியீடு வாங்கினது. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் படிக்கட்டு வயல்கள்ல விளையும். காரமும் வாசனையும் தூக்கலா இருக்கும், மாசக்கணக்குல கெடாது. அடுப்படியில கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க. பேரிக்காய், பிளம்ஸ், பட்டர் ஃப்ரூட், கீழ் மலையில காபி, மலை வாழை, இதெல்லாமும் அங்க விளையுறதுதான். பூம்பாறை வியூ பாயின்ட்ல நின்னு அந்தப் படிக்கட்டு வயலை போட்டோ எடுக்காத ஆள் இல்ல. அதுல விளையுற பூண்டைக் கால் கிலோ வாங்கிட்டு வர்றவங்க எத்தனை பேர்? அந்த வயல் அழகா இருக்குறதே அதுல இன்னும் ஒருத்தர் பூண்டு போடுறதாலதான். அவருக்குக் கட்டுப்படியாகலன்னா அங்க ரிசார்ட் வரும். அப்புறம் போட்டோவும் இருக்காது.

குறிஞ்சி ஆண்டவர் கோயில் பத்தியும் ஒரு வரி. 1936இல் அதைக் கட்டினவர் லீலாவதி ராமநாதன். ஆஸ்திரேலியாவுல பொறந்து, இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் ராமநாதனைக் கல்யாணம் பண்ணி சைவத்துக்கு வந்தவர். வெளியில இருந்து வந்தவங்க எல்லாருமே எடுத்துட்டுதான் போவாங்கன்னு இல்ல. அந்தக் கோயில் இன்னைக்கு ஊரோட கோயில். குறிஞ்சி கடைசியா 2018ல பூத்தது, அடுத்து 2030ல. அந்த வருஷக் கூட்டத்தை நினைச்சா எனக்கு இப்பவே பயமா இருக்கு.

தண்ணியும் ஆம்புலன்ஸும்

மலை மேல எல்லாம் அளவாத்தான் இருக்கு. டவுனுக்கு முக்கியமான குடிதண்ணி மனோரஞ்சிதம் அணையில இருந்து வருது. இந்த மலையோட பழைய தண்ணித் தொட்டின்னா அது சோலைக்காடும் புல்வெளியும்தான். மழையை உறிஞ்சி வச்சு மெதுவா விடும். வெள்ளைக்காரன் காலத்துலயும் அதுக்கு அப்புறமும் அந்தப் புல்வெளிகள்ல வாட்டில், பைன், யூகலிப்டஸ்னு வெளிநாட்டு மரம் வச்சாங்க. நாம சினிமா பாட்டுல பார்த்து ரசிக்கிற பைன் காடு இந்த ஊருக்குச் சொந்தமான காடு இல்ல.

கொடைக்கானல் தண்ணி கொடைக்கானலுக்கு மட்டும்னும் இல்ல. ஏரி நிரம்பி வழியுற தண்ணிதான் வெள்ளி நீர்வீழ்ச்சியா விழுது. பேரிஜம் ஏரித் தண்ணி பெரியகுளத்துக்குக் குடிதண்ணி. பழனிப் பக்கத்து ஆறுகளும் இந்த மலையில பொறந்ததுதான். மேல ஒரு காட்டேஜோட கழிவுநீர்த் தொட்டி ஒழுகுனா கீழ ஒரு ஊர் அதைக் குடிக்குது. நாம தூக்கிப் போடுற சிப்ஸ் பாக்கெட்டைக் காட்டுமாடு தின்னுது. ராத்திரியில தெருவுக்குள்ள காட்டுமாடு வர்ற ஊர் அது.

எனக்கு இதுல ரொம்ப முக்கியமாப் படுறது வேற. கொடைக்கானல்ல ஒருத்தருக்கு ஹார்ட் அட்டாக் வந்து நிலைமை மோசமானா, மதுரைக்கோ தேனிக்கோ இறங்கணும். மலைப்பாதை மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல. மே மாசத்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம், எல்லா டூரிஸ்டும் ஒரே நேரத்துல இறங்குறப்ப, அந்த ஆம்புலன்ஸ் நம்ம காருக்குப் பின்னாடி நிக்குது. அன்னைக்குப் பிரசவ வலி வந்த பொண்ணும் அதே ரோட்டுலதான் போகணும். நமக்கு அது டிராஃபிக் ஜாம். அந்த ஊர்க்காரங்களுக்கு அது ஆஸ்பத்திரிக்குப் போற வழி.

இ-பாஸ் போதுமா?

இந்த நெருக்கடியிலதான் 2024 மே 7ஆம் தேதியில இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. உயர் நீதிமன்றம் சொல்லி வந்தது. முதல்ல எத்தனை வண்டி வருதுன்னு எண்ணத்தான். இந்த மலைகள் எவ்வளவு தாங்கும்னு ஆராயுற வேலை ஐஐடி மெட்ராஸுக்கும் ஐஐஎம் பெங்களூருக்கும் போச்சு. 2025ல வண்டி எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. ஊட்டிக்கு 6,000, வார இறுதியில 8,000. கொடைக்கானல் எண்ணிக்கையை ஏற்கெனவே சொன்னேன். உள்ளூர் வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் இந்த வரம்பு இல்ல. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலுக்கும் மலையில தடை இருக்கு.

வியாபாரிகள் எதிர்த்தாங்க. நீலகிரியில கடையடைப்பே நடந்தது. அவங்க பக்கம் நியாயம் இருக்கு. ரெண்டு மாசம்தான் சம்பாதிக்கிறோம், அந்த ரெண்டு மாசத்துலயும் கதவைச் சாத்தினா மிச்ச பத்து மாசம் எப்படிங்கறாங்க. ரோட்டுல மாட்டுற ஊர்க்காரர் பக்கமும் நியாயம் இருக்கு. பல நேரம் ரெண்டும் ஒரே ஆள்தான். காலையில கடை வச்சிருக்குற அதே மனுஷன், சாயங்காலம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக முடியாம நிக்கிறார்.

நான் யோசிச்ச வரைக்கும் இ-பாஸ் தேவை. ஆனா அது எண்ணுறது வண்டியை. ரூம் எத்தனை, தண்ணி எவ்வளவு, குப்பை எவ்வளவு, மாச வாடகைக்கு வீடு எத்தனை மிச்சம் இருக்குன்னு அது எண்ணல. வண்டியைக் குறைச்சுட்டு, காட்டேஜ் கட்டுறதை அப்படியே விட்டா, பிரச்சினை ரோட்டுல இருந்து குழாய்க்கு மாறும், அவ்வளவுதான்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்ல. ஆஸ்திரியாவுல ஹால்ஸ்டாட்னு ஏரிக்கரை கிராமம். ஜனத்தொகை எழுநூத்திச் சொச்சம். கூட்டமான நாள்ல 10,000 பேர் வரைக்கும் வர்றாங்க. சீனாவுல அந்தக் கிராமத்தை அச்சு அசலா நகல் எடுத்தே கட்டிட்டாங்க, 2012ல. ஹால்ஸ்டாட்காரங்க 2020ல டூர் பஸ்ஸுக்கு முன்பதிவு முறை கொண்டு வந்தாங்க. வந்தா இவ்வளவு நேரம் கண்டிப்பா தங்கியிருக்கணும்னு விதி. படம் எடுத்துட்டு அரை மணி நேரத்துல ஓடுற கூட்டத்தைக் குறைக்கத்தான். அதுக்கு அப்புறமும் 2023ல ஊர்க்காரங்க ரோட்டை மறிச்சுப் போராடினாங்க. பணக்கார நாட்டுலயும் இதுக்கு ஒரே அடியில தீர்வு வரல. ஆனா அவங்க கேட்ட கேள்வி எனக்குப் பிடிச்சிருக்கு. எத்தனை பேர் வர்றாங்கன்னு மட்டும் பார்க்கல, வர்றவங்க எவ்வளவு நேரம் இருக்காங்கன்னும் பார்த்தாங்க.

நாம என்ன செய்யலாம்?

கடைசியா, கேக்குற உங்களுக்கும் எனக்கும். கொடைக்கானல் போகாதீங்கன்னு சொல்ல வரல. யாரும் போகலன்னா அந்தக் குதிரைக்காரர் வீட்டுல அடுப்பு எரியாது. போற விதத்தை மாத்தலாம்.

ஒண்ணு, ஐடி வேலையில இருக்கவங்க, வீட்டுல இருந்து வேலை பார்க்குறவங்க, ஏன் சனிக்கிழமையே போகணும்? ஜூலை, ஆகஸ்ட்ல ஒரு செவ்வாய்க்கிழமை போங்க. ரூம் விலை பாதி. ஊர்க்காரங்களுக்கு அப்ப வர்ற 1,000 ரூபாய் மே மாசத்து 1,000 ரூபாயை விடப் பெருசு.

ரெண்டு, பஸ்ல போங்க. கொடை ரோடு வரைக்கும் ரயில், அங்க இருந்தோ வத்தலக்குண்டுல இருந்தோ பஸ். இ-பாஸ் தொல்லையும் இல்ல. மேல போனதும் உள்ளூர் டாக்ஸியோ ஜீப்போ பேசிக்கலாம். பெட்ரோல் பங்க்ல போற காசுல ஒரு பங்கு ஊருக்குள்ள போகும்.

மூணு, ரூம் போடுறதுக்கு முன்னாடி போன் பண்ணி ரெண்டு கேள்வி கேளுங்க. "இது உங்க சொந்த வீடாங்க? நீங்க இங்கதான் இருக்கீங்களா?" மூணாவதா "லைசென்ஸ் இருக்கா"ன்னும் கேக்கலாம். பதில் சொல்ற விதத்துலயே தெரிஞ்சிடும்.

நாலு, பூண்டு வாங்குங்க. சீரியஸாத்தான் சொல்றேன். சாக்லேட்டோட சேர்த்து வாங்குங்க. பேரம் பேசாதீங்க.

அஞ்சு, கொண்டு போற குப்பையைக் கீழ கொண்டு வந்துடுங்க. மலையில அதைப் போட இடம் இல்ல.

நாம செய்யுறது மட்டுமே போதாதுன்னு எனக்குத் தெரியும். எத்தனை ரூமுக்கு அனுமதி, எங்க கட்டலாம், டூரிஸ்ட்கிட்ட வாங்குற கட்டணம் ஊரோட தண்ணிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகுதாங்கறதெல்லாம் அரசாங்கமும் நகராட்சியும் முடிவு பண்ண வேண்டியது. அந்த முடிவு எடுக்குற கூட்டத்துல ஓட்டல் முதலாளிக்கு நாற்காலி இருக்கும். மாச வாடகைக்கு வீடு தேடுற நர்ஸுக்கும், பூம்பாறை விவசாயிக்கும், காட்டேஜ்ல பெட்ஷீட் மாத்துற அக்காவுக்கும் அங்க நாற்காலி இருக்கான்னு கேக்கணும். ஒரு சின்ன ஊர் டூரிசத்தால வாழுதா, டூரிசத்துக்காக மட்டும் வாழுதான்னு அதுல இருந்தே தெரிஞ்சிடும்.

உங்க ஊரும் இப்படி ஒரு ஊரா? ஏற்காடு, ஏலகிரி, மாமல்லபுரம், தரங்கம்பாடி, குற்றாலம்? அங்கேயே இருக்கவங்க எழுதுங்க. வார நாள்ல உங்க ஊர் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க ஆசை. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.